வரப்போகும் ஐபோனை அறிய ஆசைப்படுவது குற்றமா?



செப்டம்பர் மாதம் நமக்குத் தேவமாதா பிறந்த திருநாளின் மாதம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் மாதம். உலகத்தில் வேறொரு பெருங்கூட்டத்தாருக்கு அது ஐபோன் மாதம். முதல் ஐபோனை ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறிக் காட்டியது 2007-ம் வருடம் ஜனவரி 9-ந் தேதி. பிற்பாடு செப்டம்பர் மாதமே ஆப்பிள் கம்பெனியாருக்கு வாடிக்கையாயிற்று. அந்த மாதம் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னதாகவே, இன்னும் உருவாகி முடியாத அந்தச் சாதனத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. காமிரா எத்தனை, கனம் எவ்வளவு, புதிய வர்ணம் யாது, ஓரம் வளைந்திருக்குமா நேராயிருக்குமா என்று எழுதுவதையும் பேசிக்காட்டுவதையுமே பிழைப்பாகக் கொண்டோர் அநேகர். அதை வாசிப்பதையும் கேட்பதையும் வாடிக்கையாகக் கொண்டோர் அவர்களிலும் அநேகர். நம் பங்கிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு வாலிபர் சில வாரங்களுக்கு முன் என்னைக் கேட்டார்: "சுவாமி, சீட்டாட்டமில்லை, குடியில்லை, கெட்ட படமில்லை. வரப்போகிற போனைப் பற்றி வாசிக்கிறேன். இதில் தப்பென்ன?" நியாயமான கேள்வி. "எல்லாம் வீண்" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுவது சுலபம். "அதிலென்ன, வாசியும்" என்று தட்டிக்கொடுப்பது அதைவிடச் சுலபம். குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த முறைப்படி, சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

அறிய ஆசைப்படுவது தன்னிலே பாவமன்று. அந்த ஆசையை மனிதனுக்குள் வைத்தவர் சர்வேசுரன். அறிவுள்ள ஆத்துமத்தை உண்டாக்கிவிட்டு, ஒன்றையும் விசாரியாதே என்று அவர் கட்டளையிடுவாரா? ஆயினும் பசிக்கு ஒழுங்கு இருப்பதுபோல் அறியும் ஆசைக்கும் ஒழுங்குண்டு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 166-ம் 167-ம் கேள்விகளில் இதை ஆராய்கிறார். ஒழுங்கோடு அறிவதை அவர் புண்ணியங்களில் ஒன்றாக வைக்கிறார். ஒழுங்கின்றி அறியத் துடிப்பதை அதற்கு எதிரான துர்க்குணமாக வைக்கிறார். எவ்வளவு அறிந்தாய் என்பது அவருக்கு முக்கியமன்று. எந்தக் கடமையை விட்டுவிட்டு அறிந்தாய், எந்த வழியாய் அறிந்தாய், எதற்காக அறிந்தாய் என்பவையே அவருடைய கேள்விகள்.

அர்ச். அகுஸ்தீன் இன்னும் நெருங்கி வருகிறார். தம் ஜீவியத்தைச் சர்வேசுரனுக்குமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் புத்தகத்தில், நாய் முயலைத் துரத்துவதைப் பார்க்கத் தாம் கேளிக்கைக் களத்துக்குப் போவதில்லை என்றும், ஆனால் வழியில் வயல்வெளியில் அது நடந்தால் தம் கருத்து அதன்பின் ஓடிவிடுகிறது என்றும், வீட்டில் உட்கார்ந்திருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதுகூடத் தம்மை இழுத்துவிடுகிறது என்றும் எழுதுகிறார். மேற்றிராணியார் ஒருவர் பல்லியைப் பார்த்ததைக்கூட எழுதிவைத்தாரே என்று சிலர் சிரிப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் சாய்ந்து, வராத போனின் வர்ணத்தைப் பற்றி ஏழாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சிரிக்கமாட்டார்.

இதில் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. கல்லூரிக்குப் போகும் மகனுக்குப் போன் வாங்க நினைக்கும் தகப்பன், புதியது எப்போது வரும் என்று விசாரிப்பது விவேகம். 2024-ம் வருடம் செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது, அதற்கு முந்திய 15-ன் விலை நம் நாட்டில் 79,900 ரூபாயிலிருந்து 69,900-க்கு இறங்கிற்று. ஒரு மாதம் பொறுத்திருந்தவருக்குப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். கண் தெரியாதவர்களை எண்ணிப்பாருங்கள். 2009-ம் வருடத்து ஐபோனில்தான் திரையில் உள்ளதைக் குரலாய்ச் சொல்லும் வசதி முதன்முதல் வந்தது. அது முதல் கீழேயுள்ள வட்டப் பொத்தானைத் தடவிப் பழகியிருந்த ஒருவர், 2017-ல் அந்தப் பொத்தானே இல்லாத ஐபோன் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது கவலையோடு விசாரித்திருந்தால், அவரை வீண் ஆவல் பிடித்தவர் என்பது அநியாயமல்லவா?

நிற்க. எதற்காக என்பதை விட்டு, எந்த வழியாய் என்ற கேள்விக்கு வருவோம். நமது வாலிபர் யோசியாத பக்கம் இதுதான். இந்தச் சேதிகள் எங்கிருந்து வருகின்றன?

சில சேதிகள் பகிரங்கமான காகிதங்களிலிருந்து வருகின்றன. ஒரு கம்பெனி காப்புரிமை கேட்டு எழுதிக்கொடுப்பதை அரசாங்கமே அச்சிட்டு வெளியிடுகிறது. அதை வாசித்து, இப்படியும் ஒரு சாதனம் வரக்கூடும் என்று ஊகிப்பவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. சில சேதிகள் வெறும் கற்பனை. 2011-ம் வருடம் ஐபோன் 5 என்ற ஒன்று வரப்போகிறது, கண்ணீர்த்துளிபோல் ஒருபுறம் சரிந்த வடிவம் என்று உலகமெல்லாம் பேசிற்று. அந்த அளவுக்கு உறைகளும் செய்துவிட்டார்கள். அக்டோபர் 4-ந் தேதி வந்ததோ ஐபோன் 4எஸ்; வடிவம் பழைய வடிவமே. உறை செய்தவர்களின் சரக்கு என்னவாயிற்று என்று அந்தக் கற்பனையை எழுதியவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவது எட்டாம் கற்பனைக்கு உட்பட்ட காரியம். போனைப் பற்றிய பொய்யாயிருப்பதால் அது பொய்யல்லாமல் போகாது.

மூன்றாம் வழியே நம்முடைய விசாரத்துக்குரியது. உள்ளே வேலை செய்கிற ஒருவர், சொல்லமாட்டேன் என்று கையெழுத்திட்டதை, வெளியே சொல்லிவிடுகிறார்.

வேதசாஸ்திரிகள் இரகசியத்தை மூன்றாக வகுப்பது வழக்கம். வெளியிட்டால் பிறனுக்கு நஷ்டமோ அவமானமோ நேரும் என்பதால், யாரும் கேட்டுக்கொள்ளாமலே காக்கவேண்டியது ஒன்று. அறிந்தபிறகு சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது மற்றொன்று. வெளியே போகாது என்ற நம்பிக்கையின்மேல் மாத்திரமே ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. வைத்தியரிடமும் வக்கீலிடமும் நாம் ஒப்படைப்பது இத்தகையது. இவற்றில் மூன்றாவதே அதிகமாய்க் கட்டுப்படுத்துவது. (பாவசங்கீர்த்தன இரகசியம் இவை எல்லாவற்றுக்கும் மேற்பட்டது, அதை இந்தக் கணக்கில் கொண்டுவரலாகாது.) புதிய போனைச் செய்யும் எஞ்சினீயரின் இரகசியம் இம்மூன்று வகையிலும் அடங்கும்.

அப்படியானால் கம்பெனியார் மறைப்பதெல்லாம் புனிதமோ என்று கேட்பீர்கள். இல்லை. பிறனுக்கு அநியாயமாய்த் தீங்கு செய்யும் இரகசியம் யாரையும் கட்டாது. பழைய ஐபோன்களின் பாட்டரி தளர்ந்தபோது, அவற்றின் வேகத்தை உடையவருக்குத் தெரியாமலே குறைத்துவந்ததை 2017-ம் வருடம் டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் அதற்காக 50 கோடி டாலர்வரை கொடுக்க 2020-ல் இசைந்தது. வெளியிலிருந்து அளந்துபார்த்து அந்த இரகசியத்தை அம்பலமாக்கியவர்கள் நன்மையே செய்தார்கள். தங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி அறிய மக்களுக்கு உரிமையுண்டு. ஆனால் அடுத்த வருடம் வரப்போகும் போனின் ஓரம் வளைந்ததா நேரானதா என்பதை இன்றைக்கே அறிய எனக்கோ உமக்கோ என்ன உரிமை?

2010-ம் வருடம் நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள். எங்கள் ஒழுக்கசாஸ்திரப் புத்தகங்களில் உதாரணத்துக்காக ஜோடித்து எழுதும் வழக்குகள்கூட இவ்வளவு பொருத்தமாய் அமைவதில்லை. மார்ச் மாதம், கலிபோர்னியாவில் ரெட்வுட் சிட்டி என்னும் ஊரில், ஆப்பிள் எஞ்சினீயர் ஒருவர் பீர்க்கடையொன்றில் தம் கையிலிருந்த போனை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் வெளிவராத ஐபோன் 4. பழைய போன்போல் தோன்றும்படி உறையிட்டிருந்தது. அதைக் கண்டெடுத்தவரிடமிருந்து கிஸ்மோடோ என்ற இணையப் பத்திரிகை 5,000 டாலருக்கு வாங்கி, பிரித்துப் படமெடுத்து, ஏப்ரல் 19-ந் தேதி வெளியிட்டது. லட்சக்கணக்கானோர் வாசித்தார்கள். மறந்து வைத்தவருடைய பெயரையும் அப்பத்திரிகை வெளியிட்டது. யாதொரு அவசியமுமில்லாமல், ஒரு மனிதனுடைய மறதி உலகத்துக்கெல்லாம் வேடிக்கையாயிற்று.

கண்டெடுத்த பொருளைப் பற்றி வேதம் சொல்வது நமக்குத் தெரியும். உபாகமம் 22-ம் அதிகாரத்தில், சகோதரனுடைய மாடோ ஆடோ வஸ்திரமோ காணாமற்போய் நீ கண்டால், காணாதவன்போல் போய்விடலாகாது என்றும், உடையவன் தேடிவருமட்டும் உன்னிடம் வைத்திருந்து திருப்பிக்கொடுக்க வேண்டும் என்றும் கட்டளை இருக்கிறது. கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்று அவர்கள் பக்கத்தில் சமாதானம் சொல்லப்பட்டது. அப்படியே இருக்கட்டும். மறந்து வைத்தவர் தேடிவரக்கூடிய இடம் அந்தக் கடையல்லவா? கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக என்ன தடை? அன்றியும், 5,000 டாலர் கொடுத்தது போனுக்காகவா? கடையில் விற்கும் போனுக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்? இரகசியத்துக்காகக் கொடுத்தார்கள், அந்த இரகசியம் விற்றவருடையதன்று. 2011-ல் இருவருக்கு நீதிமன்றம் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 40 மணி நேரப் பொதுச்சேவையும், ஆளுக்கு 250 டாலர் நஷ்டஈடும் விதித்தது. பத்திரிகையின்மேல் வழக்கில்லை. வாசித்தவர்கள்மேல் வழக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவுதான் என்றால், பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொஞ்சம் தொந்தரவு, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்கு முந்திய வருடம் நடந்ததையும் சொல்லவேண்டும். சீனாவில் ஷென்சென் நகரத்தில், ஆப்பிளுக்காகச் சாதனங்களைச் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில், 25 வயது வாலிபர் ஒருவர் வேலை செய்தார். வெளிவராத ஐபோன் மாதிரிகள் 16 அவர் பொறுப்பில் இருந்தன. 2009-ம் வருடம் ஜூலையில் அவற்றில் ஒன்று காணவில்லை. காவல் பிரிவினர் அவரை விசாரித்தார்கள். அவருடைய வீட்டைச் சோதித்தார்கள். தம்மை அடித்ததாகவும் அவர் சிநேகிதரிடம் சொன்னார். ஜூலை 16-ந் தேதி அதிகாலையில் உயரமான கட்டடத்திலிருந்து கீழே விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். காவல் அதிகாரி ஒருவரைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. ஆப்பிளும் துக்கம் தெரிவித்தது. அந்த வாலிபருடைய ஆத்துமத்தின் காரியம் சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு உரியது. அதில் நமக்குத் தீர்ப்பில்லை. அந்த மாதிரிப் போன் எங்கே போயிற்று என்பதும் நம் கேள்வியன்று.

அந்தப் போனுக்கு ஏன் அவ்வளவு காவல்? ஒரு போன் தொலைந்ததற்கு ஏன் வீட்டுச் சோதனை? கம்பெனியாரின் கடுமைக்குக் கம்பெனியாரே உத்தரவாதிகள்; அந்தப் பாரத்தை அவர்கள் தோளிலிருந்து நான் இறக்கமாட்டேன். ஆனால் அந்த இரகசியத்துக்கு விலையைக் கொடுத்தது யார்? காணக் காத்திருக்கும் கண்கள் இல்லையானால், திருட்டுப்படத்துக்குச் சந்தையேது? சந்தை இல்லையானால் அவ்வளவு காவல் எதற்கு? புறணி பேசுவோனைத் தடுக்காமல் ருசித்துக் கேட்கிறவனுக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டா என்று அர்ச். தோமாஸ் அதே பகுதியில், 73-ம் கேள்வியில் ஆராய்கிறார். பங்குண்டு என்பதே அவர் முடிவு. பேசும்படி தூண்டுகிறவனுக்கும், சந்தோஷத்தோடு கேட்கிறவனுக்கும், தடுக்கக்கூடியவனாயிருந்தும் தடுக்காதவனுக்கும் பங்கின் அளவு வேறுபடும் என்கிறார். அவர் பேசுவது பிறனுடைய நற்பெயரைக் குறித்து. நான் பேசுவது பிறனுடைய இரகசியத்தைக் குறித்து. எனினும் கேட்கும் செவிக்கும் சொல்லும் வாய்க்கும் உள்ள சம்பந்தம் இரண்டிலும் ஒன்றே.

"கம்பெனியே வேண்டுமென்று கசியவிடுகிறதாமே, சுவாமி? எல்லாம் விளம்பரத் தந்திரம்" என்பார்கள். சில வேளை சில கம்பெனிகள் அப்படிச் செய்யக்கூடும்; உடையவனே திறந்துவிட்ட கதவில் நுழைந்தவன் திருடனல்லன். ஆனால் ஆப்பிள் விஷயத்தில் இந்தச் சமாதானம் நன்றாய் ஒட்டவில்லை. 2017-ம் வருடம் மே மாதம், அப்போது தலைவராயிருந்த டிம் குக், ஐபோன் விற்பனை சற்றுத் தயங்கியதற்குக் காரணம், வரப்போகும் ஐபோனைப் பற்றிய சேதிகள் முன்னிலும் சீக்கிரமாகவும் அடிக்கடியும் வெளிவருவதே என்று முதலீட்டாளரிடம் சொன்னார். தன் கடைக்கே நஷ்டம் செய்யும் விளம்பரத்தை யார் விரும்பிச் செய்வார்?

அவர் சொன்னதில் நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வருடம் கடைகளில் இருந்த போன்கள் முந்திய மாதத்தைவிட மோசமாகிவிடவில்லை. பேசின, படமெடுத்தன, வழி காட்டின. இல்லாத ஒன்றின் நிழல் அவற்றின்மேல் விழுந்தது, அவ்வளவே. இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழும்புகிறது. பிறனுடைய உடைமையை இச்சிக்கலாகாது என்பது பத்தாம் கற்பனை. இன்னும் உண்டாகாத பொருளோ யாருடைய உடைமையுமன்று. அதை இச்சிப்பவன் எந்தக் கற்பனையை மீறுகிறான்? கண்டிப்பாய்ப் பேசினால், பத்தாவதை மீறவில்லை என்றே சொல்லவேண்டும். இச்சையால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அவன் கையிலிருப்பது ஒன்றைத் தவிர. போன வருடம் தவணை போட்டு வாங்கியது, தவணை தீருமுன்னே அவன் கண்ணுக்குப் பழசாய்விட்டது. நன்றி செலுத்தவேண்டிய பொருளைச் சலிப்போடு பார்க்கிறான். இதைச் சாவான பாவம் என்று நான் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். (ஆகமன காலத்துப் பிரசங்கத்தில் ஐபோனுக்குக் காத்திருப்பதையும் இரட்சகருக்குக் காத்திருப்பதையும் ஒப்பிடுவது எங்களில் பலருக்குப் பழக்கம். சலித்துப்போன உவமை; இங்கு அதை விட்டுவிடுகிறேன்.)

அந்த வாலிபர் கேட்டதற்கு என் பதில் இது. வாங்க நினைத்தால் விசாரியும். ஊகங்களைப் பொழுதுபோக்காய் அளவோடு வாசித்தால் குற்றமில்லை. ஆனால் ஒரு படம் தொழிற்சாலைக்குள்ளிருந்து திருட்டுத்தனமாய் வந்தது என்று அதன் தலைப்பே பெருமையாய்ச் சொன்னால், அதைத் திறவாதேயும். திறந்திருந்தாலும் பத்துப்பேருக்கு அனுப்பாதேயும். அதற்குக் காசு கொடுக்கும் கூட்டத்தில் சேரவே வேண்டாம்.

இதனோடு முடித்திருப்பேன். ஆனால் அர்ச். தோமாஸின் முதல் கேள்வி பாக்கியிருக்கிறது: எதை அறியக் கடமைப்பட்டிருந்தும் அதை விட்டுவிட்டோம்? இங்கே நாம் கலிபோர்னியாவுக்கோ சீனாவுக்கோ போகவேண்டியதில்லை. 2019 முதல் ஃபாக்ஸ்கான் நம் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்களைக் கோர்த்துவருகிறது. கோர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள்; தமிழ்நாட்டின் தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குகிறவர்கள். வரப்போகும் ஐபோனின் காமிராவை எண்ணிச் சொல்லும் நமக்கு, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று தெரியுமா? விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று தெரியுமா? 2021-ம் வருடம் டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக்கிடந்து, 2022 ஜனவரியில் திறந்தது. மணமான பெண்களுக்கு அங்கே வேலை மறுக்கப்படுகிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதிற்று; கம்பெனி அதை மறுத்தது. அதே வருடம் ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க புதிய விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம், அதையும் சொல்லவேண்டும்.

நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்களைப் பற்றிய சேதியை உள்ளேயிருந்து யாரும் திருடிக்கொண்டு வரவில்லை. அந்த வாரத்துத் தினசரிகளில் எல்லாம் வந்திருந்தது.